எடையில்லாத துப்பாக்கிகள்

தமிழில் குதிரையும் ரிவால்வரும் சேர்ந்து வந்த படங்கள் அதிகமில்லை. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன், ஜெய்சங்கரைக் கதாநாயகனாக வைத்து 1970-இல் ‘காலம் வெல்லும்’, 1972-இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’, 1975-இல் ‘எங்க பாட்டன் சொத்து’ என்று வரிசையாகக் கொடுத்தார். 1978-இல் தேவர் பிலிம்சின் ‘தாய் மீது சத்தியம்’ படத்தில் ரஜினிகாந்த் இந்தச் சாயலில் வந்தார். பிறகு நீண்ட இடைவெளி. 2009-இல் ‘குவிக் கன் முருகன்’, 2010-இல் சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ ஆகிய இரண்டும் அந்தப் பழைய பாணியைக் கேலி செய்தபடியே நினைவுகூர்ந்தன. பின்னது, கதையில் வரும் ஊர் ஒன்றுக்கு ஜெய்சங்கரின் பெயரையே சூட்டி மரியாதை செய்தது.

மயிலாப்பூர் காமதேனு, மந்தைவெளி கபாலி, தியாகராய நகர் ராஜகுமாரி, அடையாறு ஈராஸ் என்று தென்சென்னைக்காரர்கள் படம் பார்த்த கொட்டகைகள் ஒன்றிலும் இன்று படம் ஓடுவதில்லை. படங்கள் மட்டும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தீபாவளிக்கு முந்திய வாரம் மாட வீதியிலோ பாண்டி பஜாரிலோ ரோல் கேப் துப்பாக்கி வாங்கிய சிறுவன், வீட்டுக்கு வந்ததும் அதை இடுப்பருகே பிடித்துத்தான் சுடுகிறான். அப்படிச் சுடவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படம் சொல்லித் தந்துவிட்டது.

இந்தப் படங்களின் கதை, பாட்டு, சண்டை, கவர்ச்சி பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். விஞ்ஞான மாத இதழில் நாம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான். சுடுகிறவர் எப்படி நிற்கிறார்? சில்லறை விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இவ்வகைப் படங்களின் பலமும் பலவீனமும் அந்த இடத்தில் வெளிப்படுவதுபோல் வேறெங்கும் வெளிப்படுவதில்லை. கர்ணனின் படங்களில் குதிரைக்கு எடை உண்டு; அது திரும்பும்போது மண் பெயர்கிறது. மனிதன் விழுந்தால் தரை அவனைத் தாங்குவது தெரிகிறது. துப்பாக்கிக்கு மட்டும் எடையில்லை.

முதலில் அந்தத் துப்பாக்கி எதுவென்று பார்த்துவிடுவோம். அமெரிக்கர் சாமுவேல் கோல்ட் 1836-இல் காப்புரிமை பெற்ற ரிவால்வரில், சுழலும் உருளையில் பல அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை அழுத்தி, அறையின் பின்புறக் காம்பில் ஒரு சிறு கேப்பைச் செருக வேண்டும். 1851-இல் வந்த ‘நேவி’ மாதிரி இவ்வகையில் மிகவும் பேர் பெற்றது. உலோகக் குப்பியில் குண்டும் மருந்தும் ஒன்றாய் அடங்கிய தோட்டா வந்த பின், 1873-இல் வெளியான கோல்ட் ரிவால்வரே நாம் சினிமாவில் காணும் ‘கௌபாய் துப்பாக்கி’. இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. டிரிக்கர் ஒரே ஒரு வேலையைத்தான் செய்யும். பின்னே இழுத்து நிறுத்தப்பட்ட சுத்தியை விடுவிக்கும். சுத்தியைப் பின்னே இழுப்பதும், அதனோடு உருளையை அடுத்த அறைக்குச் சுழற்றுவதும் கட்டைவிரலின் வேலை. ஆகவே இவற்றை ஒற்றைச் செயல் ரிவால்வர் என்கிறார்கள். ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் கட்டைவிரல் மேலே ஏறி இறங்கியாக வேண்டும்.

அதே 1851-இல் லண்டன் பெருங்காட்சியில் ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் வேறொரு ரிவால்வரை வைத்தார். அதில் டிரிக்கரை இழுத்தாலே சுத்தி தானே எழுந்து தானே விழும். நம் பிள்ளைகளின் கேப் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்தக் குலத்தைச் சேர்ந்தவையே. நம் திரைக் கௌபாய்கள் சுடுவதைக் கவனித்தால் வேடிக்கை புரியும். கையில் இருப்பது கோல்ட், கை செய்வது ஆடம்ஸ். கட்டைவிரல் பிடியை விட்டு அசையாமலே டுமீல் டுமீல் என்று வரிசையாக வெடிக்கிறது. ஒலிப்பதிவாளர் தரும் சத்தம் அது. இயந்திரம் தரக்கூடியது அல்ல.

இனி எடைக்கு வருவோம். 1851 நேவி ஏறத்தாழ 1.2 கிலோகிராம். 1873 கோல்ட் ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேல். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடத் தூக்கித் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோகிராம். அதைக் கையை நேரே நீட்டிப் பிடித்து, சுவரில் உள்ள தினசரிக் காலண்டரின் தேதி எண்ணை நோக்கி அசையாமல் பத்து வினாடி வைத்திருங்கள். (நாகேசுவர ராவ் பூங்காவில் செய்ய வேண்டாம், கூட்டம் கூடிவிடும்.) ஐந்தாவது வினாடியில் பாட்டிலின் கழுத்து சிறு வட்டம் போட ஆரம்பிக்கும். தசைக்கு இயல்பாகவே வினாடிக்குச் சுமார் பத்து முறை துடிக்கும் மெல்லிய நடுக்கம் உண்டு. தசை களைக்கக் களைக்க அது பெருகும்.

தோளில் என்ன பாரம் விழுகிறது என்று கணக்கிடலாம். தோளிலிருந்து 65 சென்டிமீட்டர் தூரத்தில் 1.2 கிலோகிராம் தொங்கினால் அதன் திருப்புத்திறன் ஏறத்தாழ 7.6 நியூட்டன் மீட்டர். இதோடு முடியவில்லை. கையே சுமார் 3 கிலோகிராம் இருக்கும். அதன் ஈர்ப்பு மையம் தோளிலிருந்து 30 சென்டிமீட்டரில் என்று கொண்டால் இன்னொரு 9 நியூட்டன் மீட்டர். அதாவது துப்பாக்கியைவிட நம் கையே நமக்கு அதிகப் பாரம்! துப்பாக்கி சுடக் கற்பவர் முதல் நாளில் வியப்போடு கண்டுகொள்வது இதைத்தான்.

நிற்கும் நிலை என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. கை முன்னே நீண்டால் உடலின் ஈர்ப்பு மையமும் அந்தப் பக்கம் நகரும். மேலே சொன்ன எண்களை 60 கிலோகிராம் மனிதனுக்குப் பொருத்திப் பார்த்தால் நகர்வு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். இதை ஈடு செய்யாமல் நின்றால் உடல் முழுவதும் மெல்லத் தள்ளாடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு கையால் சுடும் பந்தயக்காரர், இலக்குக்குப் பக்கவாட்டாகத் திரும்பி, பாதங்களைத் தோள் அகலத்துக்குப் பரப்பி, இடுப்புக்கு மேலே ஒரு நூல் அளவு பின்னே சாய்கிறார். முழங்கால்கள் நேராக, ஆனால் இறுகாமல். மற்றக் கை சட்டைப் பையிலோ இடுப்பு வாரிலோ ஓய்வாக இருக்கும்; அது ஆடினால் அதுவும் ஒரு ஊசல் ஆகிவிடும். பாரத்தை எலும்பு வாங்கிக்கொள்ள வேண்டும், தசை காவல் மட்டும் காக்க வேண்டும் என்பதே இதன் தத்துவம். சுகமான நிலை என்பது சோம்பலான நிலை அன்று. மிகக் குறைந்த தசைகள் வேலை செய்யும் நிலை.

இன்னொரு சோதனையையும் வீட்டில் செய்யலாம். அப்படியே பக்கவாட்டாக நின்று, கண்ணை மூடி, கையை இயல்பாக உயர்த்துங்கள். கண்ணைத் திறந்தால் விரல் காலண்டருக்கு இடப்புறமோ வலப்புறமோ காட்டிக்கொண்டிருக்கும். எல்லோரும் உடனே செய்வது கையை இழுத்துக் காலண்டருக்குக் கொண்டு வருவது. அது தவறு. கையை வளைத்தால் தசை அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். களைத்ததும் அது பழைய இடத்துக்கே ஓடும். நகர்த்த வேண்டியது பின்கால். பாதத்தைச் சிறிது திருப்பி, மறுபடி கண்ணை மூடி உயர்த்த, இம்முறை விரல் இலக்கின் அருகே வரும். இரண்டு மூன்று முறையில் உடலே இலக்கை நோக்கிவிடும். குறி பாதத்தில் பிறக்கிறது.

இதைச் சொல்லும்போது சிலம்பம் நினைவுக்கு வராமல் இராது. சிலம்ப ஆசான் கம்பைக் கையில் கொடுக்கும் முன் காலடி வரிசையைத்தான் கற்றுத் தருவார். நம் படங்களில் கம்புச் சண்டை வந்தால் கால்கள் தரையில் பேசும், எம்.ஜி.ஆர். சிலம்பம் சுற்றிய காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கம்பின் எடை அவர் உடலில் தெரிகிறது. நம் சண்டைக் கலைஞர்கள் இந்த மரபில் வந்தவர்கள். அவர்களே கையில் ரிவால்வர் வந்ததும் கால்களை மறந்துவிடுகிறார்கள். ஓடிக்கொண்டே, குதித்துக்கொண்டே, ஒரு காலைப் பாறையில் வைத்துக்கொண்டே சுடுகிறார்கள். காரணம் அவர்களுடைய அறியாமை அல்ல. கம்பு பொய் சொல்லாது, அது நிஜக் கம்பு. படப்பிடிப்பின் ரிவால்வரோ வெற்றுத் தோட்டாவில் வெடிக்கிறது. குண்டு வெளியேறாததால் கையில் வந்து சேரும் உதை மிகச் சொற்பம். நடிகர் உணராத ஒன்றை நடிக்க வேண்டியிருக்கிறது. எதை நடிப்பது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

உண்மையான உதை எவ்வளவு? 1873 கோல்டின் தோட்டாவில் 16.5 கிராம் ஈயக் குண்டு, 2.6 கிராம் கருமருந்து. குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 270 மீட்டர் வேகத்தில் போகிறது. அதன் உந்தம் 4.5 அலகு. பின்னால் பாயும் புகையும் வாயுவும் இன்னும் வேகமாகப் போவதால் அவை ஒன்றரை அலகு சேர்க்கின்றன. ஆக மொத்தம் 6 அலகு. ஒரு கிலோகிராமை வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் தள்ளக்கூடிய உதை. சேப்பாக்கத்தில் வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 133 கிலோமீட்டர் வேகத்தில் எறியும் 160 கிராம் கிரிக்கெட் பந்தின் உந்தமும் சரியாக இதே 6 அலகுதான். விக்கெட் கீப்பரின் கையில் விழும் தள்ளு அது. ஆற்றலில் மட்டும் வேறுபாடு உண்டு. துப்பாக்கி கனமானது, மெதுவாகப் பின்வாங்குவது. அதன் ஆற்றல் 17 ஜூல் அளவில் நின்றுவிடும். பந்தினுடையதோ நூறு ஜூலுக்கு மேல். எனவே ரிவால்வர் கையை உலுக்குகிறது, பந்துபோல் உடைப்பதில்லை.

1851 நேவியின் கணக்கு வேறு. அதன் உருண்டைக் குண்டு 5 கிராமைச் சற்றுத் தாண்டும், மருந்து ஒன்றரை கிராம் அளவு. உதை 2.3 அலகு, துப்பாக்கியும் கனம். மைதானத்தில் பக்கத்து ஆட்டக்காரர் மெதுவாகத் தூக்கிப் போட்ட பந்தைப் பிடிப்பதற்குச் சமம். எனவே கருமருந்து ரிவால்வரைச் சுடுவதில் கஷ்டம் உதையைத் தாங்குவதில் இல்லை. நீட்டிய கையில் அதன் எடையைத் தாங்குவதில்தான் இருக்கிறது. திரையில் இதற்கு நேர்மாறாகக் காட்டுகிறார்கள். தூக்கும்போது இறகுபோல இருக்கும் துப்பாக்கி, வெடித்ததும் பீரங்கி போலத் துள்ளுகிறது.

விக்கெட் கீப்பர் பந்தைப் பிடிக்கும்போது கையைக் கல்லாக்கிக்கொள்வதில்லை; பந்தோடு கொஞ்சம் பின்னே விட்டுக் கொடுக்கிறார். ஒற்றைச் செயல் ரிவால்வரின் பிடி இதே யோசனையில் அமைந்தது. கலப்பையின் மேழிபோல வளைந்த அந்தப் பிடியை இரும்பாய் இறுக்கிப் பிடித்தால் உதை மணிக்கட்டில் இடிக்கும். அளவாகப் பிடித்தால், வெடித்ததும் துப்பாக்கி உள்ளங்கையில் உருண்டு மூக்கு மேலே எழும். குழாய் கைக்கு மேலே இருப்பதால் அது சுழலத்தான் செய்யும். அப்படி உருளும்போது சுத்தி தானாகவே கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்! அதைப் பின்னே இழுத்தபடியே துப்பாக்கியை இறக்கினால் அடுத்த குறிக்குத் தயார். உதையையே கூலியாளாக வைத்துக்கொண்ட அமைப்பு அது. இந்த ஒரு அசைவை, இந்த உருண்டு எழுந்து இறங்குவதை, ஒரு தமிழ் நடிகர் ஒரே ஒரு காட்சியில் ஒழுங்காகச் செய்து காட்டியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும்! துப்பாக்கியை விரலில் மாட்டிச் சக்கரம் சுற்றுவதைவிட ஆயிரம் மடங்கு அழகு அது.

பிடி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதும் முக்கியம். குண்டு குழாயைக் கடக்க ஆயிரத்தில் ஒன்றிரண்டு வினாடி ஆகிறது. அதற்குள்ளேயே துப்பாக்கி எழத் தொடங்கிவிடும். பிடி தளர்ந்தால் அதிகம் எழும், இறுகினால் குறைவாக எழும். குண்டு சேரும் இடமும் மாறும். மேலும் பழைய ரிவால்வரின் கனமான சுத்தி வெகுதூரம் வளைந்து விழுகிறது. டிரிக்கர் விடுபட்ட பின்னும் சற்று நேரம் கை அசையாமல் இருக்க வேண்டும். சுட்டவுடன் துப்பாக்கியைச் சுழற்றி உறையில் போடும் நாயகர்கள், குண்டு குழாயை விட்டுப் போகும் முன்பே கொண்டாட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இடுப்பிலிருந்து சுடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கோல்ட் ரிவால்வரில் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 25 மீட்டரில் குண்டு 12.5 சென்டிமீட்டர் விலகும். கண்ணால் பார்த்துச் செய்யும் பிசகு இது. இடுப்பில் வைத்துச் சுட்டால் 5 பாகை தவறுவது சர்வ சாதாரணம். அதே 25 மீட்டரில் அது 2 மீட்டருக்கு மேல். வில்லனுக்குப் பக்கத்தில் நிற்பவர்தான் காப்பீடு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நேவி மாதிரியில் இன்னொரு விசித்திரம். அதன் பின் குறி, சுத்தியின் உதட்டிலேயே வெட்டிய ஒரு சிறு பள்ளம். சுத்தி பின்னே வந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

அப்படியானால் இயக்குநர்கள் ஏன் இடுப்பை விடுவதில்லை? இதில் அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. கையை நீட்டிக் குறி பார்த்தால் எதிரே உள்ள காமிராவுக்கு முஷ்டிதான் தெரியும். நாயகன் முகம் மறைந்துவிடும். இடுப்பில் வைத்தால் முகம், தோள், துப்பாக்கி மூன்றும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். முகத்தைக் காண வந்தவனுக்கு முகத்தைக் காட்டாமல் இருக்க முடியுமா? ஹாலிவுட்டும் இத்தாலியும் செய்ததும் இதுவே, நம்மவர்கள் அங்கிருந்துதான் வாங்கினார்கள். ஆனால் காமிராவைப் பக்கவாட்டில் வைத்திருக்கலாமே! பந்தயக்காரரின் நிலையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் கண், கை, குழாய் மூன்றும் ஒரே கோட்டில் நீண்டிருக்கும். முகமும் முழுதாகத் தெரியும். ஒளிப்பதிவாளராகவே இருந்த கர்ணனுக்கு இந்தக் கோணம் தோன்றாமல் போனது என் மனத்தாங்கல்.

ஒரு விஷயத்தில் நம் படங்கள் சரி. குதிரை மேலிருந்து ஒரு கையால் சுடுகிறார்களே, அது சரித்திரத்துக்கு ஒத்தது. ரிவால்வர் ஒற்றைக் கைக் கருவியாக வளர்ந்ததே மற்றக் கையில் கடிவாளம் இருந்ததால்தான். இரு கையாலும் பிடித்துச் சுடும் நிலைகள் பிற்காலத்தவை. அவற்றில் பேர் பெற்ற ஒன்று 1950-களில் கலிபோர்னியாவில் ஜாக் வீவர் என்ற காவல் அதிகாரி பழகியது. வலக்கை முன்னே தள்ள, இடக்கை பின்னே இழுக்க, இரண்டு விசைகளின் நடுவே துப்பாக்கி நிற்கும். ஒற்றைச் செயல் ரிவால்வரிலும் இரு கை பிடிக்கலாம், வசதியும் கூட. சுத்தியை இழுக்கும் வேலையை இடக் கட்டைவிரலிடம் விட்டுவிடலாம். ஆனால் கருமருந்து ரிவால்வரில் இடக்கை உருளையைத் தாண்டி முன்னே போகக் கூடாது. உருளைக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியே சுடுவாயு பக்கவாட்டில் பீறிடும், கேப்பின் துணுக்குகளும் தெறிக்கும். முழங்கைமேல் குழாயைத் தாங்கிச் சுடும் பாணியை அழகு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புகையையும் சொல்லிவிட வேண்டும். கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திண்மத் துகளாகவே மிஞ்சும். வெண்புகை என்பது அத்துகள்களே. கந்தகமும் கரியும் வெடியுப்பும் சேர்ந்த அந்த வாசனையைத் தீபாவளி இரவில் தியாகராய நகர்க்காரர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. காற்று அசையாத ஒரு சென்னை மாலையில் இரண்டு முறை சுட்டால் எதிரே ஆள் தெரியாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து நிற்பதும் நிலையின் ஒரு பகுதியே. கடற்காற்று படும் மயிலாப்பூர் போன்ற இடத்தில் அந்தக் கசடு ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் இரும்பைத் துருப்பிடிக்க வைத்துவிடும் என்பது கொசுறுச் செய்தி.

சுடுகிறவரைப் பார்த்தோம், சுடப்பட்டவரையும் பார்ப்போம். நம் படங்களில் அவர் பத்தடி பின்னே பறந்து ஒரு வைக்கோல் வண்டியில் விழுவார். 4.5 அலகு உந்தம் 60 கிலோகிராம் மனிதனுக்குக் கொடுக்கக்கூடிய வேகம் வினாடிக்கு 7.5 சென்டிமீட்டர். பனகல் பூங்கா நிறுத்தத்தில் பேருந்து பிரேக் போட்டால் இதைவிட அதிகமாக ஆடிப் போவோம். இதிலுள்ள எளிய உண்மையை நியூட்டனின் மூன்றாம் விதி படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் சொல்லிவிடுவான். குண்டு எதிரியைப் பறக்க வைக்குமானால், சுட்டவரையும் அது பின்பக்கமாகப் பறக்க வைத்திருக்க வேண்டும். குண்டின் கொடுமை தள்ளுவதில் இல்லை, துளைப்பதில் இருக்கிறது. அதற்கு இந்நகரின் நினைவில் ஓர் உதாரணம் உண்டு. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதாவின் ரிவால்வரிலிருந்து பாய்ந்த குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் தைத்தது. அவர் உயிர் பிழைத்தார். குரல் பழையபடி திரும்பவே இல்லை.

கேலிப் படங்களான ‘குவிக் கன் முருகன்’, ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ இரண்டையும் இந்தக் கணக்கில் சேர்த்து அடிப்பது நியாயமாகாது. மிகைதான் அவற்றின் மொழி. ஆனால் கேலியும் உண்மையைத் தெரிந்துகொண்டு செய்தால் இன்னும் கூர்மையாக இருக்கும். சுத்தியை இழுக்க மறந்த நாயகன் டிரிக்கரை இழுத்து இழுத்துப் பார்ப்பதைவிட நல்ல நகைச்சுவை வேண்டுமா? லாரன்ஸ் கையில் அது வெடிச் சிரிப்பாகியிருக்கும்.

இதெல்லாம் ரசனை விவகாரம் என்று விட்டுவிட முடியாமல் செய்த சம்பவமும் இருக்கிறது. 2021 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ‘ரஸ்ட்’ என்ற கௌபாய் படத்தின் ஒத்திகையில், 1873 கோல்டின் நகலான ஒற்றைச் செயல் ரிவால்வர் நடிகர் கையில் இருக்கும்போதே வெடித்தது. உள்ளே இருந்தது வெற்றுத் தோட்டா அல்ல, நிஜத் தோட்டா. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் மாண்டார், இயக்குநர் காயமடைந்தார். படப்பிடிப்பின் ஆயுதப் பொறுப்பாளர் 2024-இல் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. அதற்கு முன், 1984-இல், ஜான் எரிக் ஹெக்சம் என்ற தொலைக்காட்சி நடிகர் வெற்றுத் தோட்டா போட்ட ரிவால்வரை விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். குண்டில்லாத அந்த வெடியின் வாயு அழுத்தமே அவர் உயிரைக் குடித்தது.

நிற்கும் நிலையைக் கற்றுத் தருகிறவர் பாதத்தோடு சேர்த்துக் கற்றுத் தரும் பாடங்கள் இரண்டு. குழாயின் மூக்கு இலக்குத் திசையை விட்டு எந்நேரமும் அகலக் கூடாது. கண் குறியில் படியும்வரை விரல் டிரிக்கருக்கு வெளியே இருக்க வேண்டும். 1873 கோல்டில் இறக்கி வைத்த சுத்தியின் முனை தோட்டாவின் அடியிலேயே தங்கியிருக்கும். கீழே விழுந்தால்கூட வெடிக்கலாம். ஆறு அறை இருந்தும் ஐந்தில் மட்டுமே தோட்டா போட்டு, சுத்திக்கு எதிரே காலி அறையை வைத்தவர்கள் அக்காலத்தினர். நம் நாயகர்கள் ஆறு அறையிலிருந்து எட்டும் பத்தும் சுடுவதைக் கண்டால் அவர்கள் மூர்ச்சையாகியிருப்பார்கள். விரலில் மாட்டிச் சுற்றும் வித்தையில் குழாயின் மூக்கு வட்டத்திலுள்ள அத்தனை பேரையும், காமிராவுக்குப் பின்னால் நிற்பவரையும் சேர்த்து, ஒரு முறை பார்த்துவிட்டு வருகிறது. அந்த வித்தையைத் தமிழ்ப் படங்கள் இன்னமும் வீரமாகக் காட்டுவதை என்னால் பாராட்ட முடியவில்லை.

கற்றுக்கொள்ள இடமில்லாத ஊரும் இல்லை இது. எழும்பூரிலுள்ள சென்னை ரைபிள் கிளப்பில் பயிற்சி பெற்ற நடிகர் அஜித்குமார், 2021-இல் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் பிஸ்டல் பிரிவுகளில் பதக்கங்கள் வாங்கினார். இன்றைய பந்தய பிஸ்டல் வேறு, கோல்ட் வேறுதான். ஆயினும் சர்வதேசப் பந்தய விதிகள் பிஸ்டலை ஒரு கையால் மட்டுமே சுடச் சொல்கின்றன. பக்கவாட்டு நிலை, ஓய்வான இடக்கை, பாதத்தைத் திருப்பிக் குறியமைத்தல் எல்லாம் அதே பாடம். பழைய கேப் ரிவால்வர்களுக்கென்றே தனி உலகப் போட்டியும் உண்டு. அங்கும் ஒரு கைதான். அடையாற்றின் அரசுத் திரைப்படப் பயிற்சி நிலையம் இப்போது எம்.ஜி.ஆர். பெயரில் நடக்கிறது. அங்கே ஒளிப்பதிவு படிக்கும் மாணவர்களை ஒரு நாள் எழும்பூருக்கு அழைத்துப் போய், சுடுகிறவரின் பக்கவாட்டில் காமிராவை வைத்து, வெடித்ததற்குப் பின்னுள்ள ஒரு வினாடியை மட்டும் மெதுவோட்டத்தில் எடுக்கச் சொல்லலாம். மணிக்கட்டு விட்டுக் கொடுப்பதும், தோள் அந்த உதையை வாங்கி முதுகு வழியே இடுப்புக்கு அனுப்புவதும், பின்காலின் குதிகால் தரையை அழுத்துவதும் அந்தப் படச்சுருளில் விழும். சண்டைப் பயிற்சியாளருக்கு அதைப் போட்டுக் காட்டினால் போதும்; அடுத்த படத்தில் நடிகர் எதை நடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.